செவ்வந்திக்கு வேண்டிய இருட்டு

மூன்று மணிக்கு டைமர் டக்கென்று விழுந்து அறை இருண்டபோது திலகவதி செடித்தட்டுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரைக் கடை வேலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி முகம் கழுவிப் பவுடர் போட்டு, பையை மாட்டி, மாடிப்படியில் செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்கும்படி இறங்கி, பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் ஏறி வந்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் செய்கிற காரியமா இது? அதைப் பார்த்தால் முடியுமா. வந்தவள் கதவுக்கு உள்பக்கம் தொங்கும் கறுப்புத் திரையைச் சரியாக இழுத்துவிட்டாள், கடைக்குப் போன் போட்டுத் தலைவலி என்று சொன்னாள், போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். இன்றைக்கு அவளைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். அவள் என்றால் அண்ணி. பெயர் சொர்ணம், அந்தப் பெயரைத் திலகவதி மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, அவள் என்றால் போதும், இந்த வீட்டில் வேறு எந்த அவள் இருக்கிறாள். நான்கு மணியிலிருந்து ராத்திரி வரை திலகவதி வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் இந்த அறைக்குள் வந்து செடிகளுக்கு என்னவோ செய்கிறாள். உப்புத் தண்ணீரா, கொதி தண்ணீரா, பினாயிலா? பினாயில் என்றால் வாடை இருக்கும். வாடை இல்லாமல் கொல்லத் தெரிந்தவள் அவள். போன வாரம் ஒரு தொட்டியின் விளிம்பில் சாம்பல் கிடந்தது, விரலில் எடுத்துப் பார்த்தால் மிருதுவான வெள்ளைச் சாம்பல், உடனே விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். செய்வினையிலெல்லாம் திலகவதிக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமலேயே அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

செடிகளுக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் கொடுமை. தளதளவென்று இருக்கின்றன, ஆளை அடிக்கிற பச்சை, பூ மட்டும் இல்லை. குச்சியாக நட்ட நாளிலிருந்து திலகவதி பார்த்துப் பார்த்துச் செய்தாள். வேர் பிடிக்கிற வரைக்கும் பாலிதீன் மூடி, உள்ளே புழுக்கமாக, இலை நனைந்தபடியே இருக்க வேண்டும். வேர் பிடித்ததும் மூடியை ஒரேயடியாக எடுத்துவிடக் கூடாது, முதலில் ஓரத்தைத் தூக்கிவிட்டு, அப்புறம் பாதி, அப்புறம்தான் முழுசு, காற்றுக்குப் பழகாத பிள்ளையைத் தெருவில் விட்டால் சுருண்டு போகும். வளர வளர விளக்குத் தட்டைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றினாள். நுனி கிள்ளினாள், கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும். உரத்தைக் குறைத்தாள், தண்ணீரைக் குறைத்தாள், ஏசியை இரண்டு புள்ளி இறக்கினாள். கடைசியாக வெளிச்சத்தை. வளர்கிற செவ்வந்திக்கு நாளெல்லாம் வெளிச்சம் கொடுக்கலாம், கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டு இலை விட்டுக்கொண்டே போகும். பூக்க வேண்டுமென்றால் அதை இருட்டில் போட வேண்டும், நீளமான ராத்திரி வந்துவிட்டது என்று அதை நம்ப வைக்க வேண்டும். சாயங்காலமானால் இந்த மதுரை வில்லாபுரத்தில் கரண்டு மங்கி ஸ்டெபிலைசர் கத்தும் என்பதால் காலை ஐந்திலிருந்து மதியம் மூன்று வரை பகல் என்று வைத்தாள், மிச்சமெல்லாம் ராத்திரி. அந்த ராத்திரி ஒரே நீட்டாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால் போயிற்று, செடி மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். ஓசூர்ப் பண்ணையில் ஒன்பது வருஷம் இதே வேலைதான். அங்கே ஒருமுறை ஓரப் பாத்தி மட்டும் பூக்காமல் மலடு தட்டி நின்றது. மண்ணைச் சோதித்தார்கள், மருந்தடித்தார்கள், மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்துத் திட்டினார், கடைசியில் பார்த்தால் கறுப்புப் படுதாவில் ஒரு கிழிசல், அதன் வழியே ரோட்டு விளக்கு. எவ்வளவு சிரித்தார்கள் அன்றைக்கு. அதனால்தான் இந்த அறையில் ஜன்னலுக்கு இரண்டு அடுக்குக் கறுப்புத் துணி, கதவுக்கு ஒரு திரை. உச்சி வெயிலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று ஊசித் துவாரம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாள், தெரியவில்லை. இருட்டுக்குக் குறையில்லை, ராத்திரி படுக்க வந்தால் இவளே விளக்குப் போடாமல் தடவித் தடவித்தான் படுக்கிறாள். ஓசூரில் மூன்று வாரத்தில் கடுகளவு மொட்டு வந்துவிடும். இங்கே ஐந்து வாரமாகி ஆறாவதும் பிறந்துவிட்டது, நுனியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், இலைக்குள் இலை, இலைக்குள் இலை. அப்படியானால் மனுசக் கைதான். வேறென்ன.

அந்தக் கையைத் திலகவதிக்குத் தெரியும். தட்டைப் பிடுங்கிய கை. அண்ணன் மகன் லோகேஷின் நிச்சயதார்த்தத்தில் சீர்த்தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், முதல் தட்டு அத்தை எடுப்பது முறை, அத்தை என்று இருப்பது இவள் ஒருத்திதான், பூத்தட்டைக் கையில் எடுத்தும்விட்டாள், பட்டுப்புடவை கட்டியிருந்தாள், அதற்கென்று வாங்கிய மாம்பழ நிறப் பட்டு. அவள் வந்து, சிரித்த முகமாகவே வந்து, "நீ எடுக்க வேணாம் திலகா, அங்கிட்டுப் போயி ஒக்காரு" என்று தட்டைக் கையிலிருந்து வாங்கித் தன் தங்கச்சி கையில் கொடுத்தாள். அத்தனை பேர் பார்க்க. புருஷனோடு வாழாதவள் கை படக் கூடாதாம். விருதுநகரில் பதினோரு மாதம் இவள் வாழ்ந்த வாழ்க்கையை அவள் வந்து பார்த்தாளா? பால் பாத்திரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போகிற மனுசன், சாயங்காலம் வந்து குனிந்து கோட்டைப் பார்ப்பான். கோட்டைப் பார்க்கிற அந்தக் கண் இன்னும் கனவில் வருகிறது, வரட்டும், சனியன், இப்போது எதற்கு அவன் நினைப்பு. தட்டு. தட்டைப் பிடுங்கினாள். அன்றைக்கு மூடிய வாய், மூன்று வருஷம் ஆகப் போகிறது, இவளும் பேசவில்லை அவளும் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கக்கூசு. சோறு ஆக்கி வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள், "ஆறிப்போகுது, திங்கிறவுக திங்கலாம்." இவள் தின்றுவிட்டு மிக்சியைப் பார்த்துச் சொல்வாள், "கொழம்புல உப்புக் கூட." மற்ற சேதியெல்லாம் அண்ணன் வழியாகத்தான். அண்ணன் தங்கராசு இரண்டு பக்கத்துக்கும் தபால்காரர். பாதித் தபாலை வழியிலேயே தொலைத்துவிடுகிற தபால்காரர். இந்த அறையில் விளக்கை மாற்றிவைத்த அன்றைக்கே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள், "அண்ணே, மூணு மணிக்கு மேல இந்த ரூம்புக்குள்ள யாரும் வரக் கூடாது, உள்ள சொல்லிருங்க." பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரித்தா சரித்தா என்றார். சொல்லாமலா இருந்திருப்பார்? சொல்லியிருப்பார். வரக் கூடாது என்று சொன்னதனால்தான் அவள் வருகிறாள், அவள் பிறவி அப்படி.

இருட்டில் உட்கார்ந்தால் காது பெரிசாகிவிடுகிறது. ஏசி முனகியது. தட்டில் எங்கோ தண்ணீர் சொட்டியது. செவ்வந்தி இலையைக் கசக்கினால் வருகிற அந்தக் கசப்பு வாசம், கசக்காமலே மூக்கில் வந்து நின்றது, மருந்து வாசம், ஆஸ்பத்திரி வாசம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுக்கிற கட்டில் சத்தம். நிம்மதியாகத் தூங்குகிறாள் பார், படுபாவி. எப்படித் தூக்கம் வருகிறது? வரும், ஏன் வராது, ஆடி பிறப்பதற்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியாயிற்றே. லோகேஷ் பெண்டாட்டியோடு மதுரைக்கே மாற்றலாகி வருகிறான். "அவுகளுக்குக் கட்டில் போட எடம் வேணும்ல திலகா, நீ ஹால்ல படுத்துக்க" என்று அண்ணன் சொன்னபோது அவர் வாயில் அவள் குரல் கேட்டது. ஹால் என்றால் டிவிக்குக் கீழே, போகிறவர் வருகிறவர் காலடியில், பாயைச் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டு, இவளுடைய புடவைகள் அவளுடைய பீரோவின் கீழ்த்தட்டில், அதற்கும் அவளிடம் சாவி. மீதி ஆயுசு பூராவும் அப்படி. மாட்டேன். திலகவதி இருட்டில் வாய்விட்டே சொல்லிவிட்டாள், மாட்டேன், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே வழி இந்தத் தொட்டிகள்தான். காளவாசலில் ஒரு பெரிய ஹோட்டல், அங்கே வரவேற்பறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா இவள் காட்டிய ஓசூர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, "கோடையில இந்தப் பூ யாருகிட்ட இருக்கு, என்னைக்குப் பூத்தாலும் கொண்டாங்க, ஒருதடவ பாத்துட்டு மாசாமாசம் வாங்கிக்கிறோம்" என்றாள். மாசாமாசம் என்றால் அனுப்பானடியில் அந்த இரண்டு அறை வீட்டைப் பிடித்துவிடலாம். ஒன்று செடிக்கு, ஒன்று இவளுக்கு. போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். வடக்குப் பார்த்த அடுப்படி, சின்னதுதான், ஆனால் அந்த அடுப்படியில் மூச்சுவிட ஒருத்தியே ஒருத்தி, குழம்பில் எவ்வளவு உப்பு என்று எந்த மிக்சியிடமும் சொல்ல வேண்டாம். பூத்தால் அனுப்பானடி. பூக்காவிட்டால் ஹால். அவளுக்குத் தெரியாதா அது? தெரிந்துதான் செய்கிறாள். நான் அவள் காலடியில் கிடக்க வேண்டும் அவளுக்கு.

நேரம் நகரவில்லை, அல்லது நகர்ந்து எங்கேயோ போய்விட்டது, இருட்டில் இரண்டும் ஒன்றுதான். முட்டி வலித்தது. சிறுநீர் முட்டுவது போலிருந்து, முட்டாமல், மறுபடி முட்டியது. அவள் வராமலே போனால்? கை தன்னுடையதாகவே இருந்தால்? குச்சி வாங்கிய இடத்தில் ரகம் மாற்றிக் கொடுத்திருந்தால், மதுரைச் சூட்டுக்கு ஏசி பத்தாமல் போயிருந்தால், ஒன்பது வருஷம் கற்றது ஓசூரில் மட்டும் செல்லுபடியாகிற வித்தையாக இருந்தால்? அந்த நினைப்பைத் திலகவதி உட்கார விடவில்லை, அவளேதான், அவளேதான் என்று கொட்டு அடித்த மாதிரி சொல்லிக்கொண்டாள். அவள் குற்றவாளியாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த அறையில் மிச்சமிருப்பது திலகவதி மட்டும்தான். சாம்பல் இருக்கிறதே, சாம்பல் பொய்யா. பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். பேசக் கூடாது. பேசினால் மூன்று வருஷம் வீணாகிவிடும், முதலில் பேசியவள் தோற்றவள். கையைப் பிடித்து இழுத்துப் போய் அண்ணன் முன்னால் நிறுத்த வேண்டும், பாருங்க உங்க பெண்டாட்டிய என்று அவரிடம்தான் சொல்ல வேண்டும். தட்டைப் பிடுங்கிய அதே கையை, வளையல் உடைய உடைய. அதை நினைத்தபோது மனசுக்கு இதமாக இருந்தது, காப்பி குடித்த மாதிரி. காப்பி. நான்கு மணிக்குக் கடையில் குடிக்கிற காப்பியைக் குடிக்காததால்தான் தலை இப்படிக் கிறுகிறுக்கிறது, தலைவலி என்று கடைக்குச் சொன்ன பொய் மெய்யாகிக்கொண்டிருக்கிறது. வெளியே அவள் எழுந்துவிட்டாள். குழாய்ச் சத்தம். வாசல் தெளிக்கிற சத்தம். பூஜை மணி கொஞ்ச நேரம். அப்புறம் ஒவ்வொரு அறையாக ஸ்விட்ச் தட்டுகிற சத்தம், டக், டக், அப்புறம் கொலுசில்லாத அந்தக் கனத்த காலடி, நேராக இந்தக் கதவை நோக்கி வந்தது. திலகவதி எழுந்து நின்றாள்.

கதவு திறந்தது, திரை விலகியது, முதலில் சாம்பிராணிப் புகை வந்தது, பிறகு கரண்டி, பிறகு அவள். ஈரத் தலையில் துண்டு, நெற்றியில் குங்குமம். கை தானாகப் போய்ச் சுவரிலிருந்த டியூப் லைட்டைத் தட்டியது. இரண்டு முறை கண்ணடித்துவிட்டு அறை பளீரென்று வெளுத்தது. திலகவதி தட்டுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை, இலைகள் அவ்வளவு அடர்த்தி. அவள் உப்புப் போடவில்லை, பினாயில் ஊற்றவில்லை. கரண்டியைத் தொட்டிகளுக்கு மேலே சுற்றினாள், சாம்பல் பொலபொலவென்று விளிம்பில் உதிர்ந்தது. பிறகு ஒரு செடியை முகவாயைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஏத்தா, பூத்துத் தொலைங்களேன். எம்புட்டு நாளைக்குத்தான் பச்சப்பசேல்னு நின்னு என் உசுர வாங்குவீக? நீங்க பூத்தாத்தான அவ பாட்டுக்கு ஒரு வீட்டப் பாத்துக்கிட்டுக் கெளம்புவா. எம்மகன் வர்றப்பவும் அவ மூஞ்சியத் தூக்கிக்கிட்டு ஹால்ல கெடந்தா எங்குடும்பம் வெளங்குமா? என் வீட்ல நான் நிம்மதியா ஒரு வாய்க் காப்பி குடிக்கணும். பூங்கத்தா. அந்தியில வெளக்கில்லாம மூதேவி அடஞ்ச ரூம்பா கெடக்கக் கூடாதுன்னு தெனமும் வந்து லைட்டுப் போட்டு வைக்கிறேன்ல, அந்த நன்றிக்காச்சும் பூங்க."

தினமும். திலகவதிக்கு அவள் சொன்ன மற்றதெல்லாம் பிறகுதான் உறைத்தது, முதலில் உறைத்தது லைட்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஓர் அறைகூட இருட்டாகக் கிடக்கக் கூடாது, சாமி கும்பிட்டு முடிகிற வரை அரைமணி நேரம் எல்லா அறையிலும் எரிந்தாக வேண்டும், இது இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து இவளும் பார்க்கிறதுதானே, இந்த அறை மட்டும் விதிவிலக்கு என்று எப்படி நினைத்தாள்? ஐந்து வாரமும் அவள் சாயங்காலம் தவறாமல் ராத்திரியை இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறாள். விஷம் விஷம் என்று தேடினோமே. ஓசூரில் அவ்வளவு சிரித்தோமே. கோபம் ஏறி வந்தது, வந்த வேகத்தில் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. நான் போய்த் தொலைய வேண்டும் என்று என் செடிக்கே தூபம் போடுகிறாளே, அவளை என்ன செய்தால் தகும். பேசாமல் இருந்துவிடலாமா? அவள் போன பிறகு டியூபைக் கழற்றி வைத்துவிட்டால் யாரும் யாரோடும் பேச வேண்டாம். ஆனால் டியூப் எரியாவிட்டால் அவள் அகல் விளக்கைக் கொண்டுவந்து வைப்பாள், அகலை எடுத்தால் குத்துவிளக்கு, அவளைத் தெரியாதா. இதோ இந்த நிமிஷமும் எரிந்துகொண்டிருக்கிறது, இலைகள் ஒவ்வொன்றும் குடித்துக்கொண்டிருக்கின்றன. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது.

"லைட்ட அமத்துங்க அண்ணி."

கரண்டி கீழே விழாதது அதிசயம். சொர்ணம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இலைகளுக்கிடையே முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். தான் பேசியதெல்லாம் இவள் காதில் விழுந்திருக்கிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது. அதற்காக அவள் கூசிய மாதிரி தெரியவில்லை.

"அந்தி நேரத்துல அமத்தச் சொல்ற? என்ன பொம்பள நீ?"

"வெளிச்சம் பட்டா மொட்டு வைக்காது. இதுக ராத்திரி முழுக்க இருட்டுல கெடக்கணும். சாயங்காலம் சாயங்காலம் நீங்க போட்டதுலதான் இன்னைக்கு வரைக்கும் பூக்கல."

சொர்ணம் டியூபைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"அண்ணன்கிட்டச் சொன்னேன்."

"அந்த மனுசன் எங்கிட்டச் சொன்னது, செடிக்கு மருந்து அடிச்சிருக்கு, ரொம்ப நேரம் நிக்காதன்னு."

இரண்டு பேரும் ஒரே ஆளை நினைத்து ஒரே மாதிரி மூச்சு விட்டார்கள்.

"இனிமே இருட்டுல போட்டா பூத்துருமா?"

"மூணு வாரத்துல மொட்டு தெரியும். பூக்க அதுக்கு மேல ஒரு மாசம் ஆகும்."

"ஆடி பொறந்துருமே."

"பொறந்துரும்."

சொர்ணம் யோசித்தாள். "லோகேஷ ஆவணியில வரச் சொல்றேன். ஆடியில புதுசாக் குடி வரக் கூடாதுன்னு சொன்னா அவுக அப்பாவும் பேச மாட்டாரு." பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "பூத்தாப் போயிருவியா?"

"போயிருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"நான் எதுக்குக் கூப்புடப் போறேன்."

ஆனாலும் ஸ்விட்சில் வைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தி நேரத்தில் ஒரு விளக்கை அணைத்திராத கை. கண்ணை மூடி, உதட்டுக்குள் எந்தச் சாமியிடமோ எதையோ சொல்லிவிட்டு அணைத்தாள். திரை விழுந்தது, கதவு சாத்திக்கொண்டது. கதவுக்குக் கீழே ஹால் விளக்கு மஞ்சளாக ஒரு கோடு போட்டிருந்தது. இந்த நேரத்தில் ஒருநாளும் உள்ளே இருந்ததில்லையாதலால் திலகவதி அதையும் இப்போதுதான் பார்க்கிறாள். வெளியே காலடி போய்த் திரும்பி வந்தது. முட்டி மடங்குகிற சத்தம், அண்ணியின் முனகல், பழைய சேலை ஒன்று கதவிடுக்கில் திணிபட ஆரம்பித்தது. உள்ளே ஆள் இருப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை போலிருக்கிறது. கோடு வலது பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. இவளும் கதவோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள், காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இடது பக்கம் இன்னும் தெரியுது அண்ணி."

"எங்கிட்டு?"

"மூலையில."

சேலை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. "இப்ப?"

"இப்பத் தெரியல" என்றாள் திலகவதி.